முப்பது வருஷம் கழித்து வரும் கணக்கு

"கரண்ட் வெச்சா பின்னாடி அதனாலயே இன்னொரு கேன்சர் வரும்ங்கறாங்களே, நெசமா டாக்டர்?"

மூளையில் கட்டி வந்த குழந்தைக்குக் கதிர்சிகிச்சை தொடங்குமுன் சம்மதக் கையெழுத்துப் போடுகிற அப்பா அம்மாக்கள் இதைக் கேட்காமல் விடுவது அபூர்வம். வரலாம் என்பதுதான் நேர்மையான பதில். அதற்கடுத்த கேள்வி, "எவ்வளவு?" அங்கேதான் மருத்துவர் கொஞ்சம் தயங்குவார். அவரிடம் எண் இல்லாமல் இல்லை. இருக்கிற எண்ணை எப்படிச் சொன்னாலும் கேட்பவர் காதில் வேறொன்றாக விழும் என்பது அவருக்குத் தெரியும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று பார்ப்போம்.

மெடுலோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு வரும் வீரியமான மூளைக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். பின்மண்டையில், சிறுமூளையில் வளரும். 1925-இல் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். இதன் பொல்லாத குணம், மூளையையும் தண்டுவடத்தையும் நனைத்துக்கொண்டிருக்கிற திரவத்தில் விதைபோல மிதந்து போய் வேறிடத்தில் முளைப்பது. அதனால் கட்டியை வெட்டி எடுத்து அந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்தால் போதாது. மான்செஸ்டரில் எடித் பேட்டர்சன் மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் சேர்த்துக் கதிர் கொடுத்த அனுபவத்தை 1953-இல் வெளியிட்ட பிறகுதான் இந்த நோயில் பிழைத்தவர்கள் என்று ஒரு கூட்டமே உருவாகத் தொடங்கியது.

இன்றைய வழக்கமான முறையில், பரவல் இல்லாத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1.8 கிரே (கிரே என்பது திசு வாங்கும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 13 நாள், ஆக 23.4 கிரே, தலை முதல் தண்டுவடத்தின் கடைசி வரை. பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்து 54 கிரே வரை கொண்டுபோவார்கள். மொத்தம் 30 முறை, ஆறு வாரம். முகத்தில் வலைபோல ஒரு பிளாஸ்டிக் முகமூடி. வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் படியவைத்துச் செய்வது. சில இடங்களில் அதன் மேல் பூனைக் காதும் மீசையும் வரைந்து கொடுப்பார்கள். மிகச் சிறிய குழந்தையானால் தினமும் மயக்க மருந்து. இதோடு கீமோவும் சேர்ந்தால், இந்தப் பிரிவுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டிவிடுகிறார்கள். பிழைத்து, பள்ளி முடித்து, கல்யாணம் செய்துகொள்ளும் வயதுக்கு வருகிற கூட்டம் இது. கணக்குப் பார்க்க வேண்டி வந்ததே அவர்கள் பிழைத்ததால்தான்.

கதிரால் புற்று வரும் என்பதற்குப் பழைய சாட்சி ஹிரோஷிமாவும் நாகசாகியும். அங்கே தப்பியவர்களை உள்ளிட்ட சுமார் 1,20,000 பேரை 1950 முதல் இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். முப்பது வயதில் 1 கிரே வாங்கிய ஒருவருக்கு எழுபது வயதில் கட்டிவகைப் புற்று வரும் ஆபத்து, கதிர் படாதவரைவிட ஏறத்தாழ 47 சதவீதம் அதிகம் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. கதிர் பட்ட வயது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஆபத்து கூடும். ஆனால் அங்கே கதிர் பட்டது ஒரே நொடியில், உடம்பு முழுக்க; பெரும்பாலோருக்குக் கொஞ்சமாக. நம் குழந்தைக்கோ ஆறு வாரமாக, ஓர் இடத்தில் 54 கிரே, இன்னோர் இடத்தில் 23, பக்கத்து உறுப்பில் 5, கால்விரலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நேராகத் தாவ முடியாது.

தலைக்கு நெருக்கமான சாட்சி இஸ்ரேலில் கிடைத்தது. 1948 முதல் 1960 வரை அங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, முக்கியமாக வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, தலையில் பூஞ்சையால் வந்த படைக்கு எக்ஸ்ரே வைத்தார்கள். முடி கொட்டிவிடும், பூஞ்சையும் போய்விடும். கொடுமையாகத் தெரிந்தாலும், வாய்வழி மாத்திரை வருவதற்கு முன் உலகம் முழுக்க அதுதான் வைத்தியம். அப்படிக் கதிர் வாங்கிய 10,834 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1988-இல் வெளியானது. மூளைக்குப் போன அளவு சராசரியாக வெறும் 1.5 கிரே. அதற்கே மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமா 9.5 மடங்கும், மூளைத் திசுவிலேயே வரும் கிளையோமா 2.6 மடங்கும் கூடியிருந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

படைக்குக் கொடுத்தது 1.5. கட்டிக்குக் கொடுப்பது 54. அப்படியானால் ஆபத்தும் 36 மடங்கா?

இல்லை, ஏன் இல்லை என்பதில்தான் இந்தத் துறையின் மூளை முழுவதும் செலவாகிறது. கதிர் செல்லுக்கு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. மரபணுவைப் பாதி உடைத்து, செல்லைச் சாகவிடாமல் கெட்ட புத்தியோடு உலவ விடுவது ஒன்று. அடியோடு கொன்றுவிடுவது மற்றொன்று. செத்த செல் புற்றாக மாறாது. அளவு ஏற ஏற முதல் வேலையும் கூடும், இரண்டாவது வேலையும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கொல்வது முந்திக்கொண்டால், எந்த அளவுக்கு எவ்வளவு ஆபத்து என்று வரைகிற கோடு மேலே போய்த் திரும்பிக் கீழே இறங்க வேண்டும். தைராய்டில் அப்படித்தான் இறங்குகிறது. குழந்தைப் பருவப் புற்றிலிருந்து பிழைத்தவர்களில் தைராய்டுப் புற்றின் ஆபத்து 20 முதல் 29 கிரே வாங்கியவர்களிடம் உச்சத்தில் இருந்தது; 30-ஐத் தாண்டியவர்களிடம் குறைந்தது.

மூளையுறை அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அங்கே கோடு ஏறிக்கொண்டே போகிறது. ஆறு வாரச் சிகிச்சையின் நடுவிலும் பின்னரும், செத்த செல்களின் இடத்தை நிரப்பப் பிழைத்த செல்கள் பெருகுகின்றன. அப்படிப் பெருகும்போது பாதி உடைந்த மரபணுவும் கூடவே நகலாகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கொன்றதால் கிடைத்த லாபத்தை இந்தப் பெருக்கம் தின்றுவிடுகிறது. ஆக ஓர் உறுப்புக்கு ஒரு கோடு. எல்லா உறுப்புக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டு வருகிற எண்ணை நான் நம்புவதில்லை.

இந்தக் கோடுகளை வரைய உதவிய தரவுகளில் பெரும்பங்கு அமெரிக்காவில் நடக்கும் குழந்தைப்பருவப் புற்று பிழைத்தோர் ஆய்வுக்கு உரியது. 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டு ஐந்து வருஷம் தாண்டிய 14,000-க்கும் மேற்பட்டவர்கள் அதன் முதல் அணி. 2006-இல் அவர்களிடம் பிற்காலத்தில் வந்த மூளை, தண்டுவடக் கட்டிகளை எண்ணியபோது 116 இருந்தன. 40 கிளையோமா, 66 மெனிஞ்சியோமா, மீதி மற்றவை. முதல் நோயிலிருந்து கிளையோமா வரை நடுவாக 9 வருஷம், மெனிஞ்சியோமா வரை 17 வருஷம். ஒவ்வொரு கிரேவுக்கும் கிளையோமாவின் ஆபத்து இயல்பான அளவைப்போல 0.33 மடங்கும், மெனிஞ்சியோமாவினுடையது 1.06 மடங்கும் கூடிக்கொண்டே போனது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு வேலை இருக்கிறது. 1974-இல் ஏதோ ஓர் ஊரில் கோபால்ட் இயந்திரத்தில் படுத்த ஆறு வயதுப் பிள்ளையின் தைராய்டுக்கு எத்தனை கிரே போனது என்று இன்று யாருக்குத் தெரியும்? அன்று யாரும் அளக்கவில்லை. டெக்சஸில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மர்லின் ஸ்டோவல் என்ற இயற்பியலாளரின் குழு, பழைய சிகிச்சைத் தாள்களை வரவழைத்து, எந்தப் பக்கத்திலிருந்து கதிர் வந்தது, கதிர் விழுந்த சதுரம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகப் படித்து, அந்த வயதுக் குழந்தையின் கணித உருவத்தின் மேல் மறுபடி கதிரைப் பாய்ச்சிப் பார்த்து அளவுகளை மீட்டார்கள். மேலே சொன்ன 0.33-ம் 1.06-ம் அந்தத் தாள்கள் இல்லாமல் பிறந்திருக்காது.

சரி, இந்த எண்ணை ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்போம். மூளை முழுக்க 23.4 கிரே. அதை 1.06-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 25. அதோடு எல்லோருக்கும் உள்ள இயல்பான ஒன்றைக் கூட்டினால் 26. அதாவது மெனிஞ்சியோமா வரும் ஆபத்து 26 மடங்கு. இதைக் கேட்டால் எந்தப் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் எதன் 26 மடங்கு? இள வயதில் மெனிஞ்சியோமா மிக அரிது. கணக்குக்காக, வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 2 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 26 மடங்கு என்றால் லட்சத்தில் 52. இருபது வருஷத்துக்கு 1,040. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவர்.

'26 மடங்கு' என்பதும் 'நூற்றில் ஒருவர்' என்பதும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். செய்தித்தாளில் முதலாவதுதான் தலைப்பாகும். வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க இரண்டாவதுதான் உதவும். அதே நேரம் அந்த நூற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. வயது ஏற ஏற இயல்பான விகிதமே ஏறும். அதோடு பெருக்கி வரும் எண்ணும் ஏறும். கட்டி இருந்த இடத்தைச் சுற்றியுள்ள மூளையுறை வாங்கியது 23 அல்ல, 54. இன்னொன்று, மடங்கு பெரிதாக இருப்பதால் மெனிஞ்சியோமாதான் பெரிய வில்லன் என்று தோன்றலாம். அது பெரும்பாலும் மெல்ல வளர்வது, அறுவையில் எடுக்கக்கூடியது. கதிரால் வந்தவை ஒன்றுக்கு மேற்பட்டவையாகவும் சற்று முரடாகவும் இருக்கும் என்றாலும் பொதுவாகச் சமாளிக்கலாம். மடங்கு குறைந்த கிளையோமாதான் உயிரை எடுப்பது. வரும் என்ற எண்ணும் கொல்லும் என்ற எண்ணும் வேறு வேறு. சில ஆய்வுகள் முன்னதைத் தருகின்றன, சில பின்னதை. எது என்று பார்க்காமல் இரண்டை ஒப்பிட்டுக் குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

தலைக்கு வெளியேயும் கதை இருக்கிறது. முதுகுத்தண்டுக்குப் பின்பக்கத்திலிருந்து எக்ஸ்ரே கொடுத்தால் அது முள்ளெலும்போடு நிற்காது. கழுத்தில் தைராய்டு, நெஞ்சில் உணவுக்குழாயும் இதயமும், வயிற்றில் குடல் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு முன்பக்கமாக வெளியேறும். எக்ஸ்ரேக்குப் பதிலாகப் புரோட்டான் என்ற துகளைப் பாய்ச்சும் சிகிச்சையும் உண்டு; அது அப்படியல்ல. குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். திட்டமிடும் அறையில் இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்துப் பார்த்தால் படிக்காதவருக்கும் புரியும்: ஒன்றில் முதுகிலிருந்து தொப்புள் வரை நீலமும் பச்சையுமாக ஒரு பட்டை, மற்றதில் முள்ளெலும்புக்கு முன்னால் கருப்பு. வளரும் பிள்ளைக்கு எலும்பு ஒரு பக்கம் வளர்ந்து ஒரு பக்கம் நின்றுவிடக் கூடாது என்பதால் முள்ளெலும்பை முழுவதுமாகச் சேர்த்துக்கொள்வார்கள்; அதைத் தாண்டிப் போகாது.

இந்த வித்தியாசத்தை எண்ணாக்க முயன்ற ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஜெனீவாவின் ரேமண்ட் மிரால்பெல் குழு 2002-இல் செய்தது. மெடுலோபிளாஸ்டோமாவில் புரோட்டான் இரண்டாம் புற்றின் வாய்ப்பை 8 முதல் 15 மடங்கு வரை குறைக்கலாம் என்றது. அந்த எண் விளம்பரங்கள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பின்னால் இருந்தது ஒரு மெடுலோபிளாஸ்டோமாக் குழந்தையின் திட்டங்கள், கதிர்ப் பாதுகாப்பு விதிகளுக்காக உருவான பொதுக் குணகங்கள் (இவ்வளவு கதிருக்கு இவ்வளவு ஆபத்து என்று பெருக்க உதவும் எண்கள்), ஒரு கணினி. யாரையும் முப்பது வருஷம் பின்தொடர்ந்து பார்த்த முடிவல்ல. புரோட்டானும் நியூட்ரான் என்ற துகளைக் கிளப்பும்; அது குறிக்கு வெளியேயும் சிதறிக் கதிர் கொடுக்கும். கதிரைப் பரப்பித் தெளிக்கும் பழைய முறையில் அதிகம், பென்சில் முனைபோல நகர்த்தும் புதிய முறையில் குறைவு. அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சென்னையில் 2019-இல் தென்னாசியாவின் முதல் புரோட்டான் மையம் திறந்த பிறகு, இந்தக் கேள்வி தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறைக்கே வந்துவிட்டது. செலவு பல மடங்கு; நகையை அடகு வைத்தாவது அங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். என் தனிப்பட்ட அபிப்பிராயம்: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கிடைக்கும் லாபம் உண்மையானது, கேட்கத் தக்கது. ஆனால் மூளை முழுவதற்கும் 23.4 கிரே வேண்டும் என்று முடிவாகிவிட்டால், எக்ஸ்ரேவில் கொடுத்தாலும் புரோட்டானில் கொடுத்தாலும் மூளை அந்த 23.4-ஐ வாங்கியே தீரும். மெனிஞ்சியோமாவும் கிளையோமாவும் வரும் இடம் அதுதான். இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? தெருவோரக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடைக்கல் தேய்ந்துபோயிருந்தால் மூட்டை எத்தனை கிலோ என்பது தப்பாகத்தான் வரும். ஆனால் இரண்டு மூட்டையில் எது கனம் என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். இரண்டு சிகிச்சைத் திட்டங்களை ஒப்பிடும்போது ஒரே குணகம் இரண்டு பக்கமும் உட்காருகிறது. அதன் பிழையில் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. தனி எண்ணைவிட விகிதம் நம்பகமானது.

தராசும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஒரு திட்டம் குறைந்த அளவைப் பெரிய பரப்பில் தெளிக்கிறது. இன்னொன்று அதிக அளவைச் சிறிய இடத்தில் குவிக்கிறது. பல கோணங்களிலிருந்து செறிவை மாற்றி மாற்றிக் கொடுக்கும் நவீன எக்ஸ்ரே முறை முதல் வகை. எரிக் ஹால், செங்-ஷீ வூ என்ற கதிர் ஆய்வாளர்கள் 2003-இல் போட்ட கணக்குப்படி, பத்து வருஷம் பிழைப்பவர்களில் இரண்டாம் புற்று பழைய முறையில் 1 சதவீதம் என்றால் இந்த முறையில் 1.75 ஆகலாம். இங்கே கோடு நேராக ஏறுகிறது என்று எடுத்தால் ஒரு திட்டம் ஜெயிக்கும்; ஏறி இறங்குகிறது என்று எடுத்தால் மற்றது ஜெயிக்கும். எந்தக் கோட்டைப் போட்டார்கள் என்று சொல்லாத எண்ணை இந்த இடத்தில் நம்பவே கூடாது.

சூத்திரத்துக்குள் அடங்காத இன்னொன்று, குழந்தையின் பிறவிக் கூறு. நரம்பு நார்க்கட்டி நோயின் முதல் வகையோடு பிறந்து பார்வை நரம்பில் கட்டி வந்தவர்களை மான்செஸ்டரில் பின்தொடர்ந்தார்கள். கதிர் வாங்கிய 18 பேரில் 9 பேருக்கு வேறு கட்டி வந்தது. வாங்காத 40 பேரில் 8 பேருக்கு. புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் பிறவிப் பழுது உள்ளவர்களுக்கும் இப்படித்தான். கோர்லின் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறோடு பிறந்து மெடுலோபிளாஸ்டோமா வந்த சின்னப் பிள்ளைக்குக் கதிர் கொடுத்தால், கதிர் பட்ட தோல் எங்கும் பின்னாளில் தோல் புற்று வரிசையாகக் கிளம்பும். இவர்களுக்கு 26 மடங்கு, நூற்றில் ஒன்று என்ற கணக்கெல்லாம் செல்லாது. கணக்குப் போடுவதற்கு முன் மரபணுச் சோதனை செய்வது இதனால்தான்.

இவ்வளவு பயம் இருக்கும்போது அளவைக் குறைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். குறைத்துப் பார்த்தார்கள். வட அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனையில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு 23.4 கிரேக்குப் பதில் 18 கிரே கொடுத்தார்கள். 2021-இல் முடிவு வெளியானது. ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 23.4 வாங்கியவர்களில் 82.9 சதவீதம்; 18 வாங்கியவர்களில் 71.4. நூறு பிள்ளைகளில் பதினோரு பேர் வித்தியாசம். கதிர் வாங்கிய பிறகு திரும்பி வரும் மெடுலோபிளாஸ்டோமாவைக் குணப்படுத்துவது மிகவும் அரிது. முப்பது வருஷம் கழித்து நூற்றில் ஓரிருவருக்கு வரக்கூடியதைத் தவிர்க்க, ஐந்து வருஷத்துக்குள் பதினோரு பேரை விட முடியுமா? அதே சோதனை ஒரு நல்ல செய்தியும் தந்தது: கூடுதல் அளவைப் பின்மண்டை முழுவதற்கும் கொடுக்காமல் கட்டி இருந்த குழிக்கு மட்டும் கொடுத்தாலும் பலன் குறையவில்லை. மெடுலோபிளாஸ்டோமாவை மூலக்கூறு வகையாகப் பிரித்த பிறகு, எளிதில் குணமாகும் வகைக்கு மட்டும் அளவைக் குறைக்கும் சோதனைகள் தொடங்கின. எல்லோருக்கும் குறைப்பது பலிக்கவில்லை. ஆள் பார்த்துக் குறைப்பதுதான் வழி போலிருக்கிறது.

குழந்தைப் புற்று முழுவதையும் எடுத்துக்கொண்டால் குறைத்ததன் பலன் ஏற்கெனவே தெரிகிறது. அதே அமெரிக்க ஆய்வில், கதிர்சிகிச்சை பெற்ற பிள்ளைகள் 1970-களில் 77 சதவீதம், 1990-களில் 33. பதினைந்து வருஷத்தில் இரண்டாம் புற்று வந்தவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 1.3-ஆக இறங்கியிருக்கிறார்கள்.

கணக்கு எவ்வளவு நுணுக்கமாக வந்தாலும் அது நிற்பது பழைய தாள்களின் மேல். இன்று சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகிற பிள்ளையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் ஒரே வரிதான் இருக்கும்: 'ரேடியோதெரபி முடிந்தது'. எத்தனை கிரே, எந்தெந்த இடம், எத்தனை முறை, எக்ஸ்ரேவா புரோட்டானா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன கீமோ மருந்து, மொத்தம் எவ்வளவு என்று எதுவும் இருக்காது. பெண் பிள்ளையின் நெஞ்சுக்கு 10 கிரேயோ அதற்கு மேலோ போயிருந்தால், 25 வயதிலோ சிகிச்சை முடிந்து எட்டு வருஷத்திலோ, எது பிந்தியதோ அதிலிருந்து மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று வட அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. அந்தப் பத்து கிரே போனதா இல்லையா என்பது 25 வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அப்போது அவள் வேறு ஊரில் இருப்பாள். இயந்திரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். கணினியில் இருந்த திட்டம் புதிய மென்பொருளில் திறக்காது. கையெழுத்துப் போட வரும் பெற்றோரிடம் நான் கடைசியாகச் சொல்வது, சிகிச்சை முடிகிற நாளில் அந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி வாங்கி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே உறையில் போட்டுவையுங்கள் என்பதுதான்.